பறக்கிற கொக்குக்கு என்ன ஸ்பீடு வைக்க?

மகனே,

நீ அனுப்பிய மூன்று படங்களும் மடங்காமல் வந்து சேர்ந்தன. கூடவே நீ எழுதியதும் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேன்டீனில் யாரோ ஒரு ஹவில்தாரிடம் பழைய ஜப்பான் கேமரா வாங்கியிருக்கிறாய், பறக்கிற பறவையை எடுத்தால் கலங்கலாக வருகிறது, படம் முழுக்க மணல் கொட்டின மாதிரி இருக்கிறது, என்ன ஃபிலிம், என்ன ஸ்பீடு வைக்க வேண்டும், தை மாதம் லீவு, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். முடிந்தது. தந்தி அடிக்கிறவன்கூட இதைவிட இரண்டு வார்த்தை தாராளமாகச் செலவழிப்பான். இத்தனை வருஷம் கழித்து அப்பனிடம் கேட்க உனக்கு ஷட்டர் ஸ்பீடு ஒன்றுதான் கிடைத்தது. போகட்டும், அதையாவது கேட்டாயே. தபால்காரர் ஸ்டுடியோ வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அண்ணாச்சி, மிலிட்டரி லெட்டரு. பிரிச்சுப் பாருங்க, மகன் வாரானாமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். "ஏதோ சந்தேகம் கேட்டிருக்கான்" என்றேன். "என்ன சந்தேகமாம்?" "கொக்குக்கு என்ன ஸ்பீடு வைக்கன்னு கேக்கான்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். இந்நேரம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு முழுக்க உனக்கு மண்டை குழம்பிவிட்டது என்று செய்தி போயிருக்கும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் ஒரு வரியில் சொல்ல மாட்டேன். ஒரு வரியில் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்டுவிட்டாய், இனிமேல் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்கும் பேச ஆள் இல்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களிடம் தலையைத் தூக்கு, தாடையை இறக்கு என்று சொல்வதோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடுகிறது.

முதலில் அந்த மணல். இருட்டிலும் படம் விழும் என்று சொல்லி யாரோ நானூறு ஏ.எஸ்.ஏ. ஃபிலிமை உன் தலையில் கட்டியிருக்கிறான். ஃபிலிமில் பூசியிருக்கிற வெள்ளித் துகள்தான் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. வேகமான ஃபிலிமில் அந்தத் துகள் ரவை மாதிரி இருக்கும், மெதுவான ஃபிலிமில் மைதா மாதிரி இருக்கும். ரவையை வைத்துக்கொண்டு வழவழப்பு வேண்டும் என்றால் நடக்குமா? நூறு ஃபிலிம் போடு. நூறு போட்டால் வெளிச்சம் போதவில்லையே என்பாய். வெளிச்சம் வருகிறவரை பொறுத்திரு, வேறு வழி கிடையாது. பனி விலகுவதற்கு முன்பே ஆற்றங்கரையில் போய் நிற்கிறாய், படத்திலேயே தெரிகிறது. அந்த நேரத்தில் பறவை எழும்புவது பார்க்க அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். பார்த்துக்கொள், எடுக்காதே. வெயில் நன்றாக விழுந்த பிறகு லென்ஸை ஐந்து புள்ளி ஆறில் வை, ஷட்டரை ஆயிரத்தில் வை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான். மேகம் கொஞ்சம் மறைத்தால் ஐந்நூறுக்கு இறங்கு. அதற்கும் கீழே போனால் சிறகு நுனி கரைந்துபோகும். அப்போதும் வெளிச்சம் போதாவிட்டால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு டீ குடி.

இரண்டாவது, நீ வானத்தைப் பார்த்து, வெளிச்சம் அளக்கிற மீட்டரை வைக்கிறாய். உன் முதல் படத்தில் அது என்ன பறவை? கரிக்கட்டைக்குச் சிறகு முளைத்த மாதிரி இருக்கிறது. மீட்டர் ஒரு மக்குப் பயல். வெள்ளை வானத்தைக் காட்டினால், ஐயோ வெளிச்சம் கூடுதல் என்று பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அந்த இருட்டு நெகட்டிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கலர் லேப்பில் இருக்கிறவன் பறவையை எப்படியாவது தெரிய வைக்க வேண்டுமே என்று வெளிறடித்துப் பிரின்ட் போடுவான். அப்போதுதான் மணல் கொட்டும். பாதி மணல் ஃபிலிமில் வந்தது, மீதிப் பாதி நீ கொட்டியது. கலர் ஃபிலிம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும், குறைந்தால் தாங்காது. அதனால் நூறு ஃபிலிமைப் போட்டுவிட்டு டயலில் அறுபத்து நாலு என்று பொய் சொல்லு. மீட்டரிடம் பொய் சொல்லலாம், பாவம் கிடையாது. பிறகு வானத்தை மறந்துவிட்டு, வெயிலில் உன் புறங்கையை நீட்டி அதைப் பார்த்து அளந்துகொள். நம் வீட்டுக் கறுப்பு அதற்கென்றே செய்து வைத்தது. அளந்ததைப் பூட்டிவிட்டு, பறவை எங்கே போனாலும் மாற்றாதே. கொக்கு மாதிரி வெள்ளை உருப்படி என்றால் லென்ஸின் வாயை அரைப் புள்ளி மூடு, நீர்க்காகம் என்றால் அரைப் புள்ளி திற.

புறங்கையைப் பற்றி எழுதும்போதே உனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் என்றைக்கு என் கையை அளந்தேன்? ஒரு கையில் லென்ஸ், ஒரு கையில் மீட்டர். உன் அம்மாதான் பக்கத்தில் நின்று கையை வெயிலில் நீட்டுவாள். வளையல் வெயிலில் மின்னி மீட்டர் முள் ஆடுகிறது என்று நான் கத்தினால், "வளையலக் கழத்திட்டு வர ஒங்க ஸ்டுடியோவுக்கா போஸு குடுக்கேன்" என்பாள். கத்தினாலும் கையை மட்டும் எடுக்க மாட்டாள். அந்தக் கையை வைத்து அளந்த ரோல் ஒன்றுகூட எனக்கு வீணானதில்லை.

நான் படம் எடுக்கும்போது அவள் முதன்முதலில் கண்மாய்க்கு வந்தது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது இடுப்பில் உட்கார்கிற பிள்ளை. எண்பதுகளின் தொடக்கம். கல்யாணப் படம், காதுகுத்துப் படம் என்று எடுத்து அலுத்துப்போய், மதுரையில் ஒரு இருநூறு எம்.எம். லென்ஸ் வாங்கி வந்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிச் சுந்தரபாண்டியம் போகிற வழியில் உன் அம்மா பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே கண்மாய் நிறைந்து கிடந்தது. கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் கருவேல மரங்களில் வந்து அடைந்திருந்தன. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் ரோலைத் தீர்த்துவிட்டு வருவேன். கழுவிப் பார்த்தால் எல்லாம் வாலும் காலும்தான். ஒரு நாள் மாமனார் வீட்டிலிருந்து உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், தூக்குவாளியைக் கரையில் வைத்துவிட்டு நான் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அந்தக் கண்ணாடிக்குள்ளயே பாத்துக்கிட்டு இருந்தா ஒரு கொக்குதான தெரியும்? அது எந்திரிக்கப் போறது மத்த கொக்குக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு. ஒங்களுக்குத்தான் தெரியல."

"ஏட்டி, ஒனக்குத் தெரியுமாக்கும்?"

"பாவாடை கட்டத் தெரிஞ்சதுல இருந்து சோளக்காட்டுல இதுகள வெரட்டிக்கிட்டுத்தான் கெடந்தேன். எனக்குத் தெரியாம? கழுத்த உள்ள இழுக்கும். காத்துக்கு நேரா மொகத்தத் திருப்பும். எச்சத்தப் பீச்சும். அம்புட்டுதான், எந்திரிச்சிரும். பாத்துக்கிட்டே இருங்க." கருவேல மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில், மூச்சு விடுகிற சத்தத்தில், "இப்ப" என்றாள். அழுத்தினேன். மறுநாள் டார்க் ரூமில் அந்தக் கொக்கு இரண்டு சிறகையும் விரித்து, காலை இன்னும் கிளையிலிருந்து எடுக்காமல், அப்படியே டிரேயில் எழும்பி வந்தது. சந்தோஷத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து அவளைக் கூப்பிட்டேன். உள்ளே கிடந்த மற்ற பேப்பரெல்லாம் வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போயிற்று. அதற்கு அவளைத்தான் திட்டினேன் என்பது வேறு விஷயம்.

அதிலிருந்து என் எந்தப் படமும் அவள் "இப்ப" இல்லாமல் விழவில்லை. மொபெட்டின் பின்சீட்டில் லென்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார, முன்னால் நீ நிற்க, நாம் மூவரும் சோழபுரம் கண்மாய், சுந்தரபாண்டியம் கண்மாய் என்று சுற்றியதெல்லாம் உனக்கே நினைவிருக்கும். கண்மாயில்தான் என்றில்லை, ஸ்டுடியோவிலும் அதே கதைதான். குழந்தையைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் எனக்குக் கிலுகிலுப்பை ஆட்டத் தெரியாது, அவள் திரைக்குப் பக்கத்தில் நின்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து "இப்ப" என்பாள். அடுத்த நொடி அது சிரிக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை திருட்டுப் பார்வை பார்க்கிற நேரம்கூட அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். உன் மாமாவுக்கு இதில் ஒரே கேலி. மடவார் வளாகத்திலிருந்து எப்போது வந்தாலும், "மாப்ளே, பேருதான் ஒம்ம ஸ்டுடியோ. படம் எடுக்கது எந்தங்கச்சி. நீரு வெறும் வெரலுதான்" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது யோசித்தால் அந்த மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அதனால் உனக்கு நான் சொல்கிற மூன்றாவது விஷயம் இது. நீ எங்கே நிற்கிறாய் என்று பார். பறவை காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். காற்றும் வெயிலும் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது உன் முகத்துக்கு நேராக வரும். மார்கழி, தை காலையில் இங்கே கிழக்குக் கரையில் நின்றால் வாடைக்காற்றும் முதுகில் அடிக்கும், வெயிலும் முதுகில் விழும், எதிரே மேற்கு மலை நீலமாக நிற்கும். வெறும் வானத்தில்தான் அந்த மணல் புள்ளிகள் தனியாகத் தெரியும். பின்னால் மலையோ மரமோ இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. பறவையை விரட்டி விரட்டி ஃபோகஸ் பண்ணாதே. ஏதாவது ஒரு மரத்தில் ஃபோகஸை வைத்துவிட்டு, அது அங்கே வருகிறவரை இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டே வா. அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதே. நீ சின்னப் பையனாக இருந்தபோது உனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. தொடாதே, லென்ஸில் கை ரேகை படும் என்று விரட்டத்தான் செய்தேன். நீ எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் பார்க்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளோடு சேர்ந்து நீயும் "இப்ப" சொல்ல ஆரம்பித்துவிட்டாய். அப்புறம் அவளுக்கும் முன்னால். "ஏலே, பெரிய மனுசா, எனக்கு முந்துதியா?" என்று உன் தலையில் குட்டுவாள். இரண்டு பேரும் சண்டை போடுகிற சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்துவிடும், நான் இரண்டு பேரையும் வைவேன். எப்பேர்ப்பட்ட நாட்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதப்போவதை நான் உன்னிடம் வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு நடந்தது இது, உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறான், துபாயில் இருக்கிறான், முகம் பார்க்க வந்துசேர முடியாது என்றால், பிணத்தை எடுப்பதற்கு முன்னால் ஸ்டுடியோக்காரனைக் கூப்பிட்டுவிடுவார்கள். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டு, சொந்தக்காரர்கள் பின்னால் வரிசையாக நிற்பார்கள். அந்தப் படம் பிள்ளைக்குத் தபாலில் போகும். பார்த்தால்தான் அவனுக்கு மனசு ஆறும் என்பார்கள். அந்த மாதிரிப் படம் நான் எடுக்காத தெரு ராஜபாளையத்தில் இல்லை. எனக்கு அதில் தனியாகப் பெயரே உண்டு. மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மெதுவான ஃபிலிம் போட்டு, லென்ஸின் வாயை நன்றாகச் சுருக்கி, ஷட்டரை நிதானமாக விட்டால் மணல் புள்ளி ஒன்றுகூடத் தெரியாது. மயிர் மயிராக எண்ணலாம். புள்ளியே இல்லாத படம் வேண்டுமென்றால் அசையாத ஆள் வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் நான் உன் அம்மாவைக் கூட்டிப்போனதில்லை. அங்கே யாரும் "இப்ப" சொல்லத் தேவையில்லை, எப்போது அழுத்தினாலும் ஒன்றுதான்.

உன் அம்மா நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, சோடா வாங்கி வருவதற்குள் போய்விட்டாள். சித்திரை வெயில். உனக்குத் தந்தி கொடுத்தோம். நீ இருந்த இடத்திலிருந்து மலையிறங்கி ரயிலேறி எப்போது வந்துசேர்வாய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஃபிலிம் கழுவுகிற டெவலப்பரைக் குளிரவைக்க நான் ஐஸ் வாங்குகிற கடையிலிருந்தே பாளம் பாளமாகக் கொண்டுவந்து அடுக்கினோம், அடுக்க அடுக்கத் தண்ணீராக ஓடியது. மறுநாள் காலையில் பெரியவர்கள் எல்லாரும் கூடி, இனி வைத்திருக்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். உன் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாப்ளே, பய வந்து கேப்பான். நாளப்பின்ன அவன் மொகத்துல எப்படி முழிப்போம்? ஒரு படம் எடுத்து வச்சிரும். வேற யாரையும் விடாதேயும், நீரே எடும்."

நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை மகனே. நீ நினைத்திருப்பது தப்பு. உள்ளே போய் அந்த இரட்டைக் கண் கேமராவை எடுத்து வந்தேன். புது ரோல் போட்டேன். பந்தலுக்குக் கீழே அவளை உட்காரவைத்திருந்தார்கள். தட்டியின் இடுக்கு வழியாக வெயில் விழுந்து அவள் புறங்கையில் கிடந்தது. பழக்கம் பார், எத்தனையோ இடம் இருக்க, மீட்டரைக் கொண்டுபோய் அந்தக் கையின் மேல்தான் பிடித்தேன். முள் ஆடாமல் நின்றது. வளையலைக் கழற்றியிருந்தார்கள். ஸ்பீடு வைத்தேன், லென்ஸின் வாயைச் சுருக்கினேன், கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஏற்றினேன். குனிந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. விரலை வைத்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். என்னத்துக்கு நிற்கிறோம் என்று எனக்கே விளங்கவில்லை. உன் மாமா "மாப்ளே, என்ன யோசிக்கீரு, அமுக்கும்" என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அவள் "இப்ப" என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். அவள் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், சொல்லவில்லை. சொல்லாமல் என் விரல் அழுந்தவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கேமராவை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு நீ வந்தாய். மூட்டையைக்கூட இறக்கி வைக்காமல் படம் எங்கே என்று கேட்டாய். எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "ஊர்ல எல்லார் வீட்டுப் பொணத்தையும் எடுத்தீகளே. எங்கம்மாவ எடுக்க மட்டும் ஒங்களுக்குக் கை வரலியா?" என்று கேட்டாய். நீ கேட்டதே பதிலாகவும் இருந்தது. ஆமாம், கை வரவில்லை. அதை அப்படியே சொல்லியிருந்தால் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாயோ என்னவோ. நான் டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கருமாதி முடிந்த மறுநாள் நீ கிளம்பிப் போனாய். அதற்குப் பிறகு வந்த லீவையெல்லாம் நீ அங்கேயே கழிக்கிறாய். உன் கூட்டாளிகள் ஊருக்கு வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகும்போது நான் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஏதாவது விசாரித்துவிடுவார்களோ என்று பயம், விசாரிக்காமல் போய்விட்டால் அதுவும் ஒரு மாதிரி இருக்கும்.

எனக்குத் தனியாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வெட்கப்படுகிற வயது தாண்டிவிட்டது. ஒரு ஆளுக்குச் சமைப்பதெல்லாம் ஒரு சமையலா? உலை வைத்து, அரிசி வேகும்வரை சண்டை போடக்கூட எதிரே ஆள் கிடையாது. கோபம் வந்தால் யார் மேல் காட்ட? ரேடியோவில் பேசுகிறவனை வைகிறேன், அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கண்மாய்க்குப் போகிறேன். லென்ஸ் பையைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. கரையில் போய் என் கையை நானே நீட்டி அளந்துகொள்கிறேன். நூறு ஃபிலிம், ஐந்து புள்ளி ஆறு, ஆயிரம். அதில் ஒரு குறையும் இல்லை.

இத்துடன் இந்த வருஷம் எடுத்த படங்கள் சிலவற்றை வைத்திருக்கிறேன், பார். மலை அழகாக விழுந்திருக்கிறது. கருவேல மரத்தின் முள்ளைக்கூட எண்ணலாம். மணல் மருந்துக்குக்கூடக் கிடையாது. கொக்கு எங்கே என்று கேட்பாய். ஓரத்தில் ஒரு கால் தெரியும், ஒன்றில் வால் தெரியும், மீதியில் வெறும் வானம். கழுத்தை இழுக்கும், முகத்தைத் திருப்பும், பீச்சும் என்று எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஒற்றைக் கண்ணை லென்ஸில் வைத்துவிட்டால் கண்மாய் முழுக்க எப்படித் தெரியும்? நான் பார்த்து, புத்தி சொல்லி, விரல் கேட்பதற்குள் அது போய்விடுகிறது. இந்த வேலை ஒரு ஆள் பார்க்கிற வேலை கிடையாது மகனே. ஒருத்தர் உள்ளே பார்க்க வேண்டும், ஒருத்தர் வெளியே பார்க்க வேண்டும். நீ வாங்கியிருக்கிற கேமராவில் அதற்கு ஒரு டயலும் இல்லை.

உன் மூன்று படங்களையும் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். மணலை விடு, அது ஃபிலிமை மாற்றினால் போய்விடும். மூன்றிலும் பறவை உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. மூன்றிலும் நீ பிந்திவிட்டாய். உன் அம்மாவுக்கே முந்தி "இப்ப" சொன்னவன் நீ, உனக்குக் கண் மங்கியிருக்காது. கேமராவுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறாய், அவ்வளவுதான். உன் பக்கத்திலும் யாரும் இல்லை என்று படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு நீ ஸ்பீடு கேட்டு எழுதுகிறாய், நான் ஸ்பீடு சொல்லிப் பதில் எழுதுகிறேன். அப்பனுக்கும் மகனுக்கும் நல்ல பொருத்தம்.

லீவு தை மாதம் என்று எழுதியவன், எங்கே போகப்போகிறாய் என்று எழுதவில்லை. இங்கே வா. தையில் கண்மாய் தளும்பி நிற்கும், குஞ்சுகள் பறக்கப் பழகுகிற நேரம். உன் மாமா ஏதாவது பெண் ஜாதகத்தோடு வந்து உட்காருவார், அதைப் பற்றிப் பயப்படாதே, நான் பேசி அனுப்பிவிடுகிறேன். காலையில் வெயில் ஏறியதும் கிளம்புவோம். பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்தால் போதும், கயிறு வேண்டாம்.

இன்னும் ஒன்று. அந்த இரட்டைக் கண் கேமரா பீரோவில்தான் இருக்கிறது. அன்றைக்கு ஏற்றிய ஷட்டரை நான் இன்னும் விடவில்லை. ஸ்பிரிங் தளர்ந்துவிடும், சும்மாவாவது அழுத்திவிடுங்கள் என்று மதுரை மெக்கானிக் திட்டிவிட்டுப் போனான். முடியாது என்றேன். அவளுக்காகப் போட்ட ரோல் உள்ளே அப்படியே இருக்கிறது. அவளை எடுக்காமல் விட்டதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த ஃபிலிமில் விழ வேண்டிய முகம் ஒன்று பாக்கியிருக்கிறது, அவள் மூக்கும் அவள் நெற்றியும் உன்னிடம்தானே இருக்கிறது. வா, கிழக்குக் கரையில் உன்னை நிறுத்துகிறேன். உனக்குப் பின்னால் கொக்கு எழும்பினால் எழும்பட்டும், எழும்பாவிட்டால் போகட்டும். வெயிலில் உன் புறங்கையை நீட்டு, அளந்துகொள்கிறேன். ஃபிலிம் ரொம்பப் பழசு, நான் என்ன ஸ்பீடு வைத்தாலும் அந்தப் படம் மணல் கொட்டின மாதிரிதான் வரும். வரட்டும். நீ "இப்ப" என்று சொல்லு. நீ சொல்கிறவரை நான் அழுத்த மாட்டேன்.

அப்பா